பால்சா விமானத்துக்கு மின் மோட்டார்: உதவி வேண்டும்

வணக்கம். மதுரை நரிமேட்டிலிருந்து எழுதுகிறேன். சிறிய குளோ எஞ்சினுக்கான (எரிபொருளில் ஓடும் குட்டி எஞ்சின்) பால்சா மர மாதிரி விமான கிட் ஒன்றை மூன்று மாதமாக ஒட்டி வருகிறேன். இறக்கை நீளம் 40 அங்குலம், அகலம் 6. எஞ்சினுக்குப் பதிலாக 2212 அளவு பிரஷ்லெஸ் மின் மோட்டாரும் 3 செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் வைக்க ஆசை.

சிக்கல் எடைச் சமநிலையில்தான். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 2 அங்குலம் தள்ளி, இரண்டு விரல் நுனியில் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்காமல் வால் சட்டென்று தொங்குகிறது. மூக்கில் ஈயம் வைக்க மனசில்லை. எரிபொருள் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரியை வைக்கலாம். ஆனால் அதைக் கழற்றி மாட்ட அடியில் கதவு வெட்டினால் உடம்பின் பலம் போய்விடுமா? சுற்றிலும் 2 மி.மீ. பிளைவுட் ஒட்டினால் போதுமா?

செய்து பார்த்தவர்கள் படம் போட்டால் பெரிய உதவி. அப்புறம், அவனியாபுரம் விமான நிலையத்திலிருந்து நன்றாகத் தள்ளி, பறக்கவிடத் தோதான திடல் தெரிந்தாலும் சொல்லுங்கள்.