எண்ணெய் விலை சரிந்தால் முதலில் நிற்பது கிணறா, ரயிலா? (பாக்கன் கணக்கு)

கிணற்றடி:
2014 ஜூனில் டபிள்யூ.டி.ஐ. (அமெரிக்கக் கச்சா எண்ணெயின் அளவுகோல் விலை) பீப்பாய் 107 டாலர் வரை ஏறியது. 2016 பிப்ரவரியில் 26. பாக்கன் என்கிற ஷேல் பாறை எண்ணெய் வயல் இருக்கிற அமெரிக்க மாநிலமான வடக்கு டகோட்டாவில் ஓடிய ரிக்குகள் (துளையிடும் கோபுரங்கள்) 190 சொச்சத்திலிருந்து 2016 மே வாக்கில் 30-க்கும் கீழே வந்தன. இதற்குமேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்? விலை அடக்கத்துக்குக் கீழே போனால் துளையிடுவது நிற்கும், துளையிடுவது நின்றால் ஏற்றிப் போக எண்ணெய் இருக்காது, ரயில் தானாகப் படுத்துவிடும். கச்சா எண்ணெய் ரயில் போக்குவரத்து சரிந்ததற்குத் தனிக் காரணம் தேடுவது வீண் வேலை என்பது என் கட்சி.

தண்டவாளம்:
//ஏற்றிப் போக எண்ணெய் இருக்காது//
அங்கேதான் இடிக்கிறது. வடக்கு டகோட்டா உற்பத்தி 2014 டிசம்பரில் நாளுக்கு 12.27 லட்சம் பீப்பாய். ஒரு வருஷம் கழித்து, 2015 டிசம்பரில், 11.5 லட்சம். ரிக் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய வருஷத்தில் எண்ணெய் குறைந்தது ஆறு சதவீதம்தான். ஏற்ற எண்ணெய் தாராளமாக இருந்தது. ஆனாலும் ரயிலின் பங்கு இறங்கிக்கொண்டே போனது. 2013-ல் அந்த மாநிலத்து எண்ணெயில் ஏறக்குறைய முக்கால் பங்கு ரயிலில் போனது, நினைவிருக்கட்டும்.

ரயில் பார்ப்பது விலையை அல்ல, பிரெண்டுக்கும் (உலகச் சந்தை அளவுகோல் விலை) டபிள்யூ.டி.ஐ.-க்கும் உள்ள இடைவெளியை. ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், எண்கள் புரிவதற்காக மட்டும். பிரெண்ட் 110, டபிள்யூ.டி.ஐ. 92 என்று வையுங்கள். ரயிலில் கிழக்குக் கரையிலுள்ள பிலடெல்பியாவுக்கு அனுப்பினால் பிரெண்ட் விலை கிடைக்கும், 14 டாலர் செலவு, கையில் நிற்பது 96. குழாயில் ஒக்லஹோமாவிலுள்ள குஷிங் கிடங்குக்கு அனுப்பினால் டபிள்யூ.டி.ஐ. விலை, 6 டாலர் செலவு, நிற்பது 86. எவனாவது குழாயில் இடம் கேட்பானா? இப்போது பிரெண்ட் 50, டபிள்யூ.டி.ஐ. 46. ரயிலில் 36, குழாயில் 40. ஆட்டம் முடிந்தது. விலை 110-லேயே நின்று, இடைவெளி மட்டும் 4 ஆகியிருந்தாலும் ரயில் தோற்றிருக்கும். 2015 டிசம்பரில் அமெரிக்கா கச்சா ஏற்றுமதித் தடையை நீக்கியதும் அந்த இடைவெளி திரும்ப விரிய வழியும் குறைந்துபோனது.

குழாய்வழி:
தண்டவாளம் சார், கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் யாரும் அப்படி நாளுக்கு நாள் கணக்குப் பார்த்து அனுப்புவதில்லை. டேங்க் வேகனை ஐந்து, ஏழு வருஷக் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். ஏற்றும் முனையத்தில் 'அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் காசு' என்று ஒப்பந்தம் இருக்கும். அந்த இரண்டும் எப்படியும் போகிற காசு. மிச்சம் பார்க்க வேண்டியது ரயில் கட்டணம் மட்டும். உங்கள் 14 டாலரில் குத்தகையும் முனையமும் போனால் கையிலிருந்து புதிதாகப் போவது ஒன்பதோ பத்தோ. அதனால்தான் கிழக்குக் கரையில் சில சுத்திகரிப்பு ஆலைகள் கணக்கு இடித்தபிறகும் பாக்கன் எண்ணெயை இறக்கிக்கொண்டே இருந்தன.

இன்னொன்று, எத்தனை வேகன் மாட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். ஒரு வேகனில் 700 பீப்பாய்க்குக் கொஞ்சம் கீழே, 100 வேகன் கோத்தால் கிட்டத்தட்ட 70,000 பீப்பாய். போய் வர 15 நாள் என்றால், நாளுக்கு ஒரு ரயில் இறக்க 15 ரயில், அதாவது 1,500 வேகன் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அத்தனையையும் எங்கோ பக்கத் தடத்தில் போட்டு, குத்தகையும் கட்டி, நிறுத்துமிட வாடகையும் கட்ட வேண்டும். அதனால் ரயில் டக்கென்று நிற்காது. ஒப்பந்தம் ஒவ்வொன்றாக முடிய முடியத்தான் கரையும்.

கிணற்றடி:
இரண்டு பேருமே ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இறக்கத்துக்குப் பாதிக் காரணம் புதுக் குழாய். 2014 கடைசியில் போனி எக்ஸ்பிரஸ் குழாய் வயோமிங்கிலுள்ள குயர்ன்சியிலிருந்து குஷிங்குக்குத் திறந்தது. பாக்கனிலிருந்து குயர்ன்சிக்கு டபுள் ஹெச் வந்தது. 2017 ஜூனில் டகோட்டா ஆக்சஸ், 1,172 மைல், இல்லினாயிலுள்ள பட்டோக்கா வரைக்கும். அதோடு ரயில் கதை ஓரம் கட்டப்பட்டது.

உற்பத்தி மெதுவாகக் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் என்று பாருங்கள். பாக்கன் கிணறு முதல் வருஷத்திலேயே 65-70 சதவீதம் இறங்கிவிடும். அப்படியும் மொத்தம் தாங்கியதற்கு மூன்று காரணம். மிஞ்சிய ரிக்குகளை மெக்கென்சி மாவட்டம் மாதிரி நல்ல பாறைக்கு நகர்த்தினார்கள். தோண்டும் நாள்களைக் குறைத்தார்கள். துளையிட்டு, எண்ணெய் வரப் பாறையை உடைக்கிற வேலையை மட்டும் செய்யாமல் விட்டிருந்த கிணறுகளைத் திறந்தார்கள். இதெல்லாம் சேமிப்பைச் செலவழிக்கிற கதை. சேமிப்பு கரைந்ததும், 2016 ஆகஸ்டில், உற்பத்தி பத்து லட்சத்துக்குக் கீழே போனது. என் கட்சிக்கு ஒன்றரை வருஷத் தாமதம் என்று எழுதிக்கொள்ளுங்கள், தோல்வி என்று எழுதாதீர்கள்.

வட்டிக்கடை:
//விலை அடக்கத்துக்குக் கீழே போனால்//
எந்த அடக்கம், ஐயா? நிலக் குத்தகை, தோண்டுவது, உடைப்பது எல்லாம் சேர்த்த அடக்கம் ஒன்று. நிலம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, துளையும் போட்டாச்சு, உடைக்கிற செலவு மட்டும் பாக்கி என்றால் அது வேறு. ஓடுகிற கிணற்றை ஓட விடுவதற்கான செலவு மூன்றாவது, அது பீப்பாய்க்குச் சில டாலர்தான். 26 டாலரிலும் பழைய கிணறு ஓடும். 60 டாலரிலும் புதுக் கிணறு நஷ்டமாகலாம். 'ஷேல் அடக்கம் இவ்வளவு' என்று ஒற்றை எண் சொல்கிறவர் எதையோ விற்க வந்திருக்கிறார்.

ரிக் எண்ணிக்கையை முடிவு செய்கிறது கடன்காரனும் குத்தகைப் பத்திரமும்தான். வங்கி வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் நிலத்தடியில் மிச்சமிருக்கிற எண்ணெயை மதிப்பிட்டுக் கடன் வரம்பை மாற்றும். விலை விழுந்தால் வரம்பு சுருங்கும். குத்தகையோ, குறித்த வருஷத்துக்குள் 1,280 ஏக்கர் அலகில் ஒரு கிணறாவது ஓடாவிட்டால் கைவிட்டுப் போகும். அதனால் நஷ்டம் என்று தெரிந்தே ஒரு கிணறு போடுவார்கள். முன்கூட்டியே விலை பூட்டி வைத்தவன் 2015 முழுக்க நிம்மதியாக இருந்தான். பாக்கனில் தோண்டுகிற பெரிய நிறுவனமான கான்டினென்டல் ரிசோர்சஸ் 2014 கடைசியில் அந்தப் பூட்டையெல்லாம் விற்று 43 கோடி டாலர் எடுத்தது. விலை சீக்கிரம் திரும்பும் என்று கணக்குப் போட்டார்கள். திரும்பவில்லை.

கிணற்றடி:
சில டாலர் செலவில் ஓடுமென்றால் 2016 ஜனவரியில் வடக்கு டகோட்டா கந்தக எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு மைனஸ் 50 சென்ட் என்று விலை வந்ததே? எண்ணெயைக் கொடுத்து காசும் கொடுக்க வேண்டிய நிலை. அப்போது கிணற்றை மூடியிருக்க வேண்டுமே.

வட்டிக்கடை:
அந்தச் செய்தி பாதிதான் உங்களிடம் வந்திருக்கிறது. மைனஸ் 50 சென்ட் என்று அறிவித்த வாங்குபவரே பிறகு அதை 1.50 டாலர் என்று திருத்தினார். அதுவும் கந்தகம் கூடிய, கொஞ்சமே கிடைக்கிற சரக்கு. பாக்கனின் பெரும்பகுதி 'இனிப்பு' எண்ணெய், அதாவது கந்தகம் குறைந்தது, அதற்கு அந்த விலை கிடையாது.

குழாய்வழி:
மூடியிருக்க வேண்டுமே என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பாக்கனில் கிணற்றை மூடுவது வால்வைத் திருகுகிற வேலை மட்டும் இல்லை. அங்கே எண்ணெயோடு வருகிற தண்ணீர் கடல்நீரைவிட ஏழெட்டு மடங்கு உப்பு. ஓடும்போதே உப்பு படியாமல் இருக்க நல்ல தண்ணீர் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் மேலேறி நிற்கிற திரவம் ஆறும், குழாய் உள்சுவரில் மெழுகு பிடிக்கும், பம்ப் வாயில் உப்பு கட்டும். திரும்ப ஓட்டும்போது பம்பை ஆட்டுகிற கிட்டத்தட்ட 9,000 அடி இரும்புக் கம்பி அசையாமல் மாட்டும். இழுத்தால் அறும். அப்புறம் பழுதுபார்க்கும் ரிக் வர வேண்டும், சூடாக்கிய எண்ணெய் லாரி வர வேண்டும். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரியில் மேல்தரைக் குழாய்கள் உறைவது தனிக்கணக்கு. மாதம் சில நூறு டாலர் நஷ்டத்தில் ஓடுவது இதைவிட மலிவு.

தண்டவாளம்:
இதுதான் நான் சொன்னதற்கும் பலம். கிணறு மூடாது, எண்ணெய் வந்துகொண்டே இருக்கும். எந்த வழியில் போகும் என்பதை இடைவெளிதான் தீர்மானிக்கும். குழாய்வழி சொன்ன ஒப்பந்த விஷயத்தை ஏற்கிறேன், என் 14 டாலரைப் 10 என்று திருத்திக்கொள்ளுங்கள். 4 டாலர் இடைவெளியில் அப்போதும் ரயில் குழாயோடு சமம்தான் (இரண்டிலும் 40), இடைவெளி அதற்கும் குறைந்தால் நஷ்டம். புதுக் குழாய் திறந்ததும் அந்த இடைவெளிக் கணக்கில்தான் சேரும், தனிக் காரணம் இல்லை.

2013-ல் கனடாவில் பாக்கன் எண்ணெய் ரயில் தடம்புரண்டு எரிந்த லாக்-மெகன்டிக் விபத்துக்குப் பிறகு வந்த விதிகள்தான் ரயிலைக் கொன்றன என்று யாராவது சொல்வதற்கு முன்: 2015 மே மாதம் வந்த புது வேகன் விதி கனமான தகடு, காப்புறை, முழு உயர முகப்புக் கேடயம் எல்லாம் கேட்டது உண்மை. 47 பேர் செத்த பிறகு கேட்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் பழைய வேகன்களை ஒதுக்கப் பல வருஷ அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் ரயில் காலியாகிவிட்டது.

கிணற்றடி:
2020-ஐ என்ன செய்வீர்கள்? ஏப்ரல் 20 அன்று டபிள்யூ.டி.ஐ. மே மாத முன்பேர ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. இந்த முறை திருத்தம் எதுவும் வரவில்லை. மார்ச்சில் 14.3 லட்சம் ஓடிய வடக்கு டகோட்டா மே மாதம் 8.6 லட்சத்துக்கு வந்தது. உப்பும் மெழுகும் இருந்தும் மூடினார்கள்.

குழாய்வழி:
மூடினார்கள், ஏனென்றால் போட இடமில்லை. அந்த ஒப்பந்தத்தை வைத்திருந்தவன் ஒவ்வொன்றுக்கும் 1,000 பீப்பாயைக் குஷிங்கில் கையில் வாங்க வேண்டும். தொட்டி முழுக்க ஏற்கெனவே யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். சுத்திகரிப்பு ஆலைகளும் வாங்குவதைக் குறைத்துவிட்டன. அது அடக்க விலை செய்த வேலை இல்லை. ஏப்ரலில் மூடியதில் இன்னொரு அனுகூலமும் உண்டு: பனிக்காலம் முடிந்துவிட்டது, மேல்தரைக் குழாய் உறையாது. அதே விலை டிசம்பரில் வந்திருந்தால் அவ்வளவு கிணறு மூடியிருப்பார்களா என்று சந்தேகம்தான்.

கிணற்றடி:
டிசம்பரிலும் தொட்டி காலியாகாது. மூடித்தான் இருப்பார்கள், அடுத்த ஏப்ரலில் கம்பியை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.