காம்புப் பக்கம், நுனிப் பக்கம்: கொடியின் இரு ஓரங்களுக்கு ஒரு சொல்லிணை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நாட்டுக் கொடிகளைப் பற்றித் தமிழில் பதிவுகள் எழுத நாம் சேர்ந்து தொகுக்கும் கொடியியல் சொற்பட்டியலில் பெரும்பாலான சொற்களில் ஒத்துப்போய்விட்டோம். கம்பத்தை ஒட்டிய ஓரத்துக்கும், காற்றில் ஆடும் எதிர் ஓரத்துக்கும்தான் பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டு போகிறது. ஆங்கிலத்தில் இவை ஹாய்ஸ்ட், ஃப்ளை. திருவாரூர் ஐயா ‘ஏற்றுப்பக்கம், வீசுபக்கம்’ என்றார். காரைக்கால் அம்மா ‘கம்பப் பக்கம், பறப்புப் பக்கம்’ என்றார். ‘தூக்கு, பறப்பு’ என்று இன்னொன்றும் வந்தது. நான்காவதாக நான் ஒன்றை வைக்கிறேன்: காம்புப் பக்கம், நுனிப் பக்கம்.

சொல் என்னுடையது அல்ல. அது கிடைத்த விதத்தைச் சொன்னால்தான் ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பது விளங்கும்.

கும்பகோணத்தில் ஒரு பள்ளி விழாவுக்குப் பன்னிரண்டு நாட்டுக் கொடிகள் தைக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருக்கோடியில் தையல் மிஷின் போட்டிருக்கும் அக்காவிடம் கொடுத்தோம். அளவுத் தாளை நான்தான் எழுதினேன். மேலே ‘நீளம் : அகலம்’ என்று தலைப்பு, கீழே நாட்டின் பெயரும் விகிதமும். இந்தியாவுக்கு 3:2 என்று எழுதினேன். நம்முடைய 2002-ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது, நீளம் முதலில், உயரம் பிறகு. கத்தாருக்கு 11:28 என்று எழுதினேன். அது கொடியியலாளர்களின் வரிசை, உயரம் முதலில், நீளம் பிறகு. இரண்டு வரிசையையும் ஒரே தலைப்பின்கீழ் போட்டது என் பிழை.

அக்கா தாளில் இருந்தபடியே வெட்டிவிட்டார். மறுநாள் காலை போனபோது கத்தார் கொடி மேசைமேல் விரித்துக் கிடந்தது. 11 அங்குல நீளம், 28 அங்குல உயரம். தேரில் தொங்கும் தொம்பைபோல நெட்டுக்குத்தாக இருந்தது. வெள்ளையும் அரக்கும் சேரும் இடத்தில் ஒன்பது பற்களையும் ஒன்றுபோல மடித்து, ஒரு பிசிறு தெரியாமல் தைத்திருந்தார். அந்தப் பற்களைப் பார்த்ததும் மனசு கனத்துப் போயிற்று.

“அகலம்னு எழுதியிருக்கியே தம்பி, எங்களுக்கு அகலம்னா துணியோட பன்னா. கொடிக்கு எது பன்னா?” என்று கேட்டார். பன்னா என்றால் தறியில் நெய்த துணியின் குறுக்களவு. என்னிடம் பதில் இல்லை. அவர் வெற்றிலையை எடுத்துப் புடவையில் துடைத்தார், காம்பைக் கிள்ளிப் போட்டார், நுனியைக் கிள்ளிப் போட்டார், முதுகில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: “காம்புப் பக்கம் எவ்வளவு, காம்புலேர்ந்து நுனி வரைக்கும் எவ்வளவு, அதை மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.”

வெற்றிலையைப் பார்த்துச் சொன்னாரா, துணியைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை. ஆனால் அந்த நிமிடமே எனக்குக் கொடி முழுவதும் சரியாக நின்றது.

நீளம், அகலம், உயரம் என்ற மூன்று சொல்லும் பார்ப்பவர் நிற்கும் இடத்தோடு நகரும் சொற்கள். விதித்தொகுப்பிலேயே ‘உயரம்’ என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘அகலம்’ என்றும் போட்டிருக்கிறார்கள். நேபாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்கோணமே இல்லாத ஒரே தேசியக் கொடி அது. அதன் உயரம் கிடைமட்ட அளவைப்போல் ஏறத்தாழ 1.22 மடங்கு. அங்கே ‘நீளம்’ என்றால் எதைச் சொல்வீர்கள்? சுவிட்சர்லாந்தும் வாட்டிகனும் சதுரம், அங்கே நீளம் அகலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘மேல், கீழ்’ என்று சொல்லலாமே என்றால் அதுவும் நிலைக்காது. நம் கொடியைச் சுவரில் நெட்டுக்குத்தாக மாட்டும்போது காவிப் பட்டை பார்ப்பவருக்கு இடப்பக்கம் வர வேண்டும் என்பது விதி. கிடையாகப் பிடித்தபோது மேலே இருந்த காவி இப்போது இடப்பக்கம் போய்விட்டது. கொடி மாறவில்லை, நம் சொல்தான் நழுவிவிட்டது. துணியின் உடம்போடு ஒட்டிய சொல் இருந்தால் நழுவாது. இலையை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் காம்பு காம்புதான், நுனி நுனிதான்.

திருவாரூர் ஐயாவின் ‘ஏற்றுப்பக்கம்’ எனக்குப் பிடித்த சொல். நம் மாவட்டங்களில் அதற்கு இருக்கும் வாழ்வு வேறெங்கும் இருக்காது. திருவாரூர்க் கோயிலில் கொடியேற்றம், நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வந்த கொடி ஏறுவது, ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேற்றம், எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்தான். ‘கொடி ஏறியாச்சா?’ என்று கேட்டால் எந்தத் திருவிழா என்று ஊரை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அது ஒரு செயலின் பெயர். பாடப்புத்தகத்தில் அச்சான கொடியை யாரும் ஏற்றுவதில்லை, மேசையில் நிறுத்திய கொடியையும் ஏற்றுவதில்லை. கோயில் கொடியோ ஏறியபின் தர்ப்பையோடு கொடிமரத்தில் சுற்றிக் கட்டப்படுகிறது, வீசுவதே இல்லை. ‘வீசு’, ‘பறப்பு’ இரண்டும் காற்றை நம்பி நிற்கின்றன. ஆடி மாதத்தில் சரி, புரட்டாசிப் புழுக்கத்தில் துவண்டு தொங்கும் கொடிக்கு எது பறப்புப் பக்கம்?

இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. கொடி என்ற சொல்லே படரும் செடிக்கும் உரியது. வெற்றிலைத் தோட்டத்துக்கு நம் பக்கம் கொடிக்கால் என்றுதான் பெயர். கொடிக்கு இலை உண்டு, இலைக்குக் காம்பும் நுனியும் உண்டு. காம்பு என்பது பிடிக்கும் கட்டைக்கும் பெயர்: மண்வெட்டிக் காம்பு, குடைக் காம்பு. கையில் பிடிக்கும் சிறு கொடியின் குச்சியைக் காம்பு என்றால் சிறுபிள்ளைக்கும் புரியும். ‘காம்பு என்றால் வேறு நினைவும் வருமே’ என்று ஒருவர் தனிமடலில் தயங்கினார். இலைக்காம்பு, பூக்காம்பு என்று பள்ளிப் பிள்ளைகள் தாவரவியலில் எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறார்கள். நாம் கூசி ஒதுங்கினால் ஒரு நல்ல சொல்லை இழப்போம்.

சொல் தாங்குமா என்று சில கொடிகளை எழுதிப் பார்த்தேன்.

இலங்கை: காம்பை ஒட்டிப் பச்சைப் பட்டை, அடுத்து ஆரஞ்சுப் பட்டை, நுனிப் பக்கத்துக் கட்டத்தில் வாளேந்திய சிங்கம் காம்பைப் பார்த்து நிற்கிறது. பாகிஸ்தான்: காம்புப் பக்கம் வெள்ளைப் பட்டை. அமெரிக்கா: விண்மீன்கள் காம்பு மேல்மூலையில். ஆங்கிலத்தில் கேன்டன் என்கிற அந்தக் கட்டத்துக்கு நாம் தனிச்சொல் தேடிக்கொண்டிருந்தோம், ‘காம்பு மேல்மூலை’ என்றாலே போதும்.

வங்கதேசத்தில்தான் இந்தச் சொல்லின் அருமை தெரிந்தது. அந்தக் கொடியின் சிவப்பு வட்டம் சரிநடுவில் இல்லை. காம்பிலிருந்து, நீளத்தை இருபது பங்காக்கி ஒன்பதாம் பங்கு முடியும் இடத்தில் அதன் மையம் விழுகிறது. காற்றில் நுனி மடங்கி அலைவதால் ஏற்றிய கொடியைப் பார்க்கும்போது வட்டம் நடுவில் இருப்பதுபோலத் தெரியும். இதை ‘சற்று இடப்பக்கம்’ என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். கொடிக்குப் பின்னால் நின்று பார்ப்பவருக்கு அது வலப்பக்கம். ‘சற்றுக் காம்புப் பக்கம்’ என்றால் எங்கே நின்றாலும் சரி. ஜப்பானின் கொடியிலும் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு வட்டம் நீளத்தில் நூறில் ஒரு பங்கு காம்புப் பக்கம் தள்ளியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்தான் நடுவுக்கு வந்தது.

இனி அளவின் பெயர். காம்பு ஓரத்தின் அளவைக் ‘காம்பளவு’ என்கிறேன். மற்றதை முதலில் ‘நுனியளவு’ என்று எழுதி அடித்துவிட்டேன், நுனி ஓரத்தின் உயரம் என்று படிக்க வாய்ப்பிருக்கிறது. டென்மார்க்கின் அரசுக்கொடியில் நுனி இரண்டாகப் பிளந்து வால்போல இருக்கும், அங்கே குழப்பம் இன்னும் கூடும். அதனால் ‘நீட்டம்’ என்று வைக்கிறேன்: காம்பிலிருந்து நுனி வரை உள்ள தொலைவு. ‘நீட்டுவாக்கில்’ என்று அன்றாடம் சொல்கிறோமே, அந்த நீட்டுதான்.

விகிதத்துக்கு விகிதமே போதும். ‘தோற்ற விகிதம்’ என்பதை நான் ஏற்கவில்லை. ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஒரு பாதியைப் பெயர்த்து வைத்தது அது, தமிழில் தோற்றத்துக்கும் இதற்கும் ஒட்டே இல்லை. விகிதம் என்றால் என்ன என்பதை நம் ஊரார் கணக்குப் புத்தகத்துக்கு வெளியேயும் நன்றாக அறிவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் படிமம் செய்யத் தொடங்கும்போது, படிமத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, முகத்தின் நீளத்தை அலகாகக் கொள்ளும் தாலக் கணக்குப்படி மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு என்று இடம் குறித்துக்கொள்கிறார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். அந்த ஓலையில் அங்குலமும் கிடையாது, சென்டிமீட்டரும் கிடையாது, பங்கு மட்டும்தான். நேபாள அரசியலமைப்பின் இணைப்பில் அவர்கள் கொடியை வரையும் முறை இருக்கிறது. அதன் முதல் படி, சிவப்புத் துணியின் கீழ்ப்பகுதியில் வேண்டிய நீளத்துக்கு இடமிருந்து வலமாக ஒரு கோடு போடு என்பது. எவ்வளவு நீளம் என்று சொல்வதில்லை. மற்ற எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து பிறக்கின்றன. படித்தபோது எனக்கு ஒடியோலைதான் கண்முன் வந்தது.

விகிதத்தை எண்களாக மட்டும் பார்த்து ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தோனேசியா, மொனாக்கோ இரண்டு கொடிகளிலும் மேலே சிவப்பு, கீழே வெள்ளை, வேறொன்றும் இல்லை. காம்பளவும் நீட்டமும் இந்தோனேசியாவில் 2:3, மொனாக்கோவில் 4:5. வடிவமைப்பில் வேறுபாடு அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. அளவுத் தாளில் ஓர் எண் இடம் மாறினால் ஒரு நாட்டின் கொடி பிழையாகிவிடும்.

பெயரிடும் முறையைப் பற்றிச் சுருக்கமாக. மலேசியாவின் ஜாலுர் கெமிலாங், டென்மார்க்கின் டான்னபிரோ, ஜப்பானின் ஹினோமாரு போன்ற செல்லப்பெயர்களைப் பதிவின் தலைப்பாக வைக்க வேண்டாம், உள்ளே சொல்லிக்கொள்ளலாம். ‘மூவண்ணக்கொடி’ என்று தலைப்பிட்டால் பிரான்சுக்காரரும் உரிமை கொண்டாடுவார். நாட்டின் பெயரும் கொடியின் பயனும் சேர்ந்து தலைப்பாகட்டும்: பிரிட்டனின் வணிகக்கப்பல் கொடி, பிரிட்டனின் கடற்படைக் கொடி, ஜெர்மனியின் அரசுக்கொடி. இது நமக்குப் புதிதும் அல்ல. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பாருங்கள்: பலரும் தொழும் கோயில் கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியரின் கொடி, கப்பலில் ஆடும் கொடி, கள் விற்கும் இடத்துக் கொடி. எங்கே நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்பதை வைத்தே பிரித்துச் சொல்லியிருக்கிறார் புலவர்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து

——

நாகப்பட்டினத்திலிருந்து வந்த மறுமொழி:

> தம்பி, நுனி எனக்குச் சம்மதம். காம்பில் மட்டும் ஒரு கேள்வி. எங்கள் ஊரில் கொடி கயிற்றில்தான் ஏறுகிறது. கயிறு நுழைய மடித்துத் தைத்த ஓரம் அது. ‘கயிற்றுப் பக்கம்’ என்றால் இன்னும் நேராக இருக்காதா? தவிர, வாழையிலை போட்டால் நுனி உண்பவருக்கு இடப்பக்கம் வர வேண்டும். கொடிப் படத்தில் நுனி வலப்பக்கம் இருக்கிறது. பிள்ளைகள் குழம்பமாட்டார்களா?

ஐயா, வணக்கம். கயிற்றை நானும் நினைத்துப் பார்த்தேன். பெரிய கொடிகளுக்கு அது முழுக்கப் பொருந்தும். கைக்கொடியிலும் மேசைக்கொடியிலும் கயிறு இல்லை, குச்சிதான். சுவரில் ஒட்டிய தாள் கொடியில் இரண்டும் இல்லை. பறித்த இலையில் காம்பைக் கிள்ளி எறிந்த பிறகும் அது காம்புப் பக்கம்தான், அதனால் இந்தச் சொல் மூன்றுக்கும் நிற்கும்.

இலையைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் துணையாகவே படுகிறது. பந்தியில் நுனி இடப்பக்கம், கொடிப் படத்தில் வலப்பக்கம், கொடிக்குப் பின்னால் போனால் மறுபடி இடப்பக்கம். பழைய ரோமாபுரிக் குதிரைப்படையின் வெக்ஸில்லம் குறுக்குச் சட்டத்திலிருந்து தொங்கியது. அங்கே காம்பு மேலே, நுனி கீழே. அந்தச் சொல்லிலிருந்துதான் அமெரிக்கக் கொடியியலாளர் விட்னி ஸ்மித் 1950-களின் இறுதியில் இந்தத் துறைக்கு ‘வெக்ஸிலாலஜி’ என்ற ஆங்கிலப் பெயரை அமைத்தார். இடம் வலம் எதுவானாலும் சொல் மாற வேண்டியதில்லை. பதிவில் முதல் தடவை வரும்போது ‘காம்புப் பக்கம், அதாவது கம்பத்தையோ கயிற்றையோ ஒட்டிய ஓரம்’ என்று விளக்கம் சேர்த்துவிடுகிறேன். உங்கள் கயிறு அதில் வந்துவிடும்.

அளவுத் தாளையும் மாற்றி எழுதி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். தலைப்பு ‘காம்பளவு, நீட்டம்’. இந்தியா: 2, 3. இலங்கை: 1, 2. பெல்ஜியம்: 13, 15. அமெரிக்கா: 10, 19. கத்தார்: 11, 28. தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அரக்குத் துணியை எடுத்து விரித்தார்.