எம்பிராய்டரி மெசின் வாங்கலாமா? பாவிப்பவர்கள் சொல்லுங்கள்

ஊசிமுனை:
வணக்கம். சுன்னாகத்தில் வீட்டோடு சேர்ந்த தையல் கடை என்னுடையது, ஏழு வருடமாகிறது. சாறிச் சட்டையும் பாடசாலைச் சீருடையும்தான் கூட. பாடசாலை பாட்ஜ், கழக ரீசேர்ட் என்று கேட்டு வருபவர்களை ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்ப மனம் கேட்கவில்லை. கொழும்பில் ஒருவர் பாவித்த ஒற்றைத் தலை மெசின் (ஒரு நேரத்தில் ஒரு துணி மட்டும் தைப்பது) ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார், 15 ஊசி, நிமிடத்துக்கு 1200 தையல் ஓடுமாம். கையில் இருப்பது சீட்டுக் காசும் நகை அடகு வைத்து எடுக்கப்போகும் காசும்தான், அதனால்தான் பயம். என்ன பார்த்து வாங்க வேண்டும்? கொம்பியூட்டரும் எனக்குப் பெரிதாகத் தெரியாது.

நூற்கண்டு:
தங்கச்சி, இங்கே யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் நான் இதே மாதிரி ஒன்றை ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். அந்த 1200 ஐ வைத்துக் கணக்குப் போடாதீங்கள். நல்ல வேலைக்கு நான் 700க்கு மேல் விடுவதில்லை, கூட்டினால் நூல் அறும். 8000 தையல் உள்ள ஒரு பாட்ஜ் 700 வேகத்தில் 12 நிமிடம், நிறம் மாறுவது, நூல் வெட்டுவது, துணியை ஃபிரேமில் மாட்டுவது எல்லாம் சேர்த்துக் கால் மணித்தியாலம் என்று வையுங்கள். 100 பாட்ஜ் என்றால் 25 மணித்தியாலம். தவணை தொடங்க மூன்று நாள் இருக்கும்போது ஓடர் எடுத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய விசயம் டிசைன். வட்ஸ்அப்பில் வரும் படத்தை அப்படியே போட்டால் மெசின் தைக்காது. எந்தத் தையல் எங்கே விழ வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முதலில் கொம்பியூட்டரில் வரைந்து மெசின் வாசிக்கும் டிஎஸ்டி ஃபைலாக மாற்ற வேண்டும், அதற்குப் பெயர் டிஜிடைசிங். அந்த ஃபைலில் நிறம் இருக்காது, எந்த ஊசிக்கு எந்த நிறம் என்று நீங்கள்தான் கொடுக்க வேண்டும். காசுக்குச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எழுத்தின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டவும் அவர்களிடமே போய் நிற்க வேண்டி வரும். இந்த வேலைக்கு இங்க்ஸ்டிச் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளுக்குள் ஓடும். மெசின் வாங்குவதற்கு முன்பே இரண்டு மாதம் அதில் இருந்து பழகுங்கள். பிடிபடாவிட்டால் நகையை வெளியே எடுக்காதீங்கள்.

வடலி:
பாவித்த மெசின் என்றால் உங்கள் துணி, உங்கள் நூலைக் கொண்டு போய் ஒரு மணித்தியாலமாவது ஓட விட்டுப் பாருங்கள். 15 ஊசியையும் ஒவ்வொன்றாகத் தைக்க வையுங்கள், நான் வாங்கும்போது ஆறை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு ஊசி தையல் விடுவது தெரிந்தது. தைத்ததைத் திருப்பிப் பாருங்கள், பட்டையான தையலின் பின்பக்கத்தில் பொபின் நூல் (கீழ் நூல்) நடுவில் மூன்றில் ஒரு பங்கு தெரிந்தால் இழுவை சரி. ஃபிரேம் எத்தனை தருகிறார்கள், தொப்பிக்கு உரியது இருக்கிறதா என்றும் கேளுங்கள், தனியாக வாங்கப் போனால் விலை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதானால் யாழ்ப்பாணத்துக்கு வந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? எனக்கு விற்றவர் பிறகு போனே எடுக்கவில்லை, மூன்று கிழமை மெசின் சும்மா நின்றது. ஆள் இல்லாத மெசின் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

கரையோரம்:
கரண்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கரண்ட் நின்று வந்தால் அநேகமான மெசின்கள் விட்ட இடத்தில் இருந்து தொடங்கும், ஆனால் அதுவரை ஃபிரேமில் கை படக்கூடாது, ஒரு நூலளவு அசைந்தாலும் பூ விலகிவிடும். யூபிஎஸ் வாங்கினால் பியூர் சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகத் தருவது, என்று கேட்டு வாங்குங்கள். நான் குருநகர், இங்கே உப்புக் காற்று, ஒவ்வொரு நாளும் ஹூக்குக்கு (கீழே சுற்றி மேல் நூலைப் பிடிக்கும் பகுதி) ஒரு துளி எண்ணெய் விடாவிட்டால் துரு பிடித்துவிடும். ரீசேர்ட் துணி இழுபடும், அதற்குக் கீழே, தைத்த பிறகு மிச்சத்தை வெட்டி எடுக்கும் பேக்கிங்தான் (துணி இழுபடாமல் தாங்கும் தாள் மாதிரியானது) போட வேண்டும், கிழித்து எடுப்பதைப் போட்டால் இரண்டு தரம் தோய்க்க எழுத்து சுருங்கிவிடும்.

ஊசிமுனை:
மூவருக்கும் பெரிய நன்றி. இன்னும் ஒன்று, கலியாணச் சட்டைக்கு ஆரி வேலை மாதிரி இதில் செய்யலாமா? எல்லாரும் அந்தப் படத்தோடுதான் வருகிறார்கள்.

நூற்கண்டு:
நூல் பூவும் சரிகையும் வடிவாக வரும், சரிகைக்கு வேகத்தை இன்னும் குறையுங்கள். ஆனால் மணியும் கல்லும் இந்த மெசின் வைக்காது, அது கைவேலைதான். நான் பூவை மெசினில் போட்டுவிட்டு மணியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கிறேன். பாட்ஜுக்கு மட்டும் முதலில் அதிபரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். சனிக்கிழமை பின்னேரம் கடையில் நிற்பேன், ஒரு துண்டுத் துணியோடு வந்து ஓட்டிப் பாருங்கள்.