லண்டனிலிருந்து காரில் வெஸ்ட்வ்லேட்டரன் பியர் வாங்கப் போகிறேன்: விசா, லீஸ் கார், சுங்கம் பற்றி உதவி தேவை

ஹாரோவாசி:

எல்லோருக்கும் வணக்கம். பெல்ஜியத்தில் வெஸ்ட்வ்லேட்டரன் என்ற கிராமத்தில் சிந்த் சிக்ஸ்துஸ் மடம் இருக்கிறது. அங்கே துறவிகள் காய்ச்சும் பியரை மடத்து வாசலிலேயே போய் வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. செப்டம்பர் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு பார்த்து வைத்திருக்கிறேன். ஹாரோவிலிருந்து ஃபோக்ஸ்டன் வரை கார், அங்கிருந்து காரோடு சுரங்க ரயிலில் கலே, பிறகு டன்கர்க் தாண்டிப் பெல்ஜியம். ஒரு இரவு தங்கல்.

எனக்கும் மனைவிக்கும் இந்திய பாஸ்போர்ட், இங்கே ஐஎல்ஆர் (பிரிட்டனில் காலவரையின்றி வசிக்கும் அனுமதி). மகனுக்கு 16 வயது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட். நுழைவது பிரான்சில், தங்குவது பெல்ஜியத்தில் என்றால் எந்த நாட்டிடம் விசா கேட்பது?

கார் அலுவலகம் வழியாக எடுத்த லீஸ். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். லாக் புக் (வண்டிப் பதிவுச் சான்று) என் கையில் கிடையாது.

அப்புறம் முக்கியமான விஷயம். நண்பர்கள் நாலு பேர் ஆளுக்கு ஒரு பெட்டி கேட்டிருக்கிறார்கள், பணம் இப்போதே அனுப்பத் தயார். எனக்கு நாலு பெட்டி. டிக்கியில் எட்டுப் பெட்டி தாராளமாக அடங்கும். ஒருவருக்கு 42 லிட்டர் வரை வரி இல்லை என்று படித்தேன். மகனையும் சேர்த்து மூன்று பேர் கணக்குப் போடலாமா? கொஞ்சம் கூடிப்போனால் கூடியதற்கு மட்டும் வரி கட்டினால் போதும்தானே?

மடத்து இணையக் கடையில் கார் எண்ணும் நேரமும் கேட்கிறார்கள். விசா, ரயில், பியர் மூன்றில் எதை முதலில் பதிவு செய்வது என்று புரியவில்லை.

கென்ட் கரையோரம்:

மற்றதெல்லாம் சின்ன வேலை. உங்கள் நண்பர்களின் பணம்தான் இதில் பெரிய சிக்கல், அதை முதலில் பேசிவிடுவோம்.

42 லிட்டர் சலுகை என்பது நீங்களே சுமந்து வந்து, நீங்களே குடிக்கிற, அல்லது இனாமாகக் கொடுக்கிற பியருக்கு. யாரிடமாவது காசு வாங்கிக்கொண்டு கொண்டுவந்தால் அது வணிகச் சரக்கு. லாபம் வைக்கவில்லை, வாங்கிய விலைக்கே கொடுத்தேன் என்ற பேச்சு எடுபடாது. பணமாக இல்லாமல் வேறு எதுவாக வாங்கிக்கொண்டாலும் அதே கதைதான். அந்தச் சரக்குக்கு 42 லிட்டரும் கிடையாது, ஒரு லிட்டரும் கிடையாது. அறிவிக்காமல் பிடிபட்டால் பியரை மட்டுமல்ல, அதை ஏற்றி வந்த வண்டியையும் பறிமுதல் செய்ய எல்லை அதிகாரிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் வண்டியோ லீஸ். அலுவலகத்தில் அதை எப்படி விளக்குவீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ‘கூடியதற்கு மட்டும் வரி’ என்பது தவறு. ஒரு வகையில் அளவைத் தாண்டினால் அந்த வகை முழுவதற்கும் வரி. 42 லிட்டருக்கு மேல் ஒரு பாட்டில் போனாலும் அத்தனை பியரையும் அறிவித்துக் கட்ட வேண்டும். வந்து சேர்வதற்கு 5 நாள் முன்பிருந்தே இணையத்தில் அறிவித்துக் கட்டலாம், ஆனால் கட்டிய பிறகு அந்த பியர் மலிவாக இருக்காது.

கணக்கு இப்படி: 33 சென்டிலிட்டர் பாட்டில் 24 சேர்ந்தது ஒரு பெட்டி, அதாவது 7.92 லிட்டர். ஐந்து பெட்டி 39.6 லிட்டர். மீதி 2.4 லிட்டரில் ஏழு பாட்டில் உதிரியாக வைக்கலாம், எட்டாவது வைத்தால் தாண்டிவிடும். ஆறாவது பெட்டி ஒருவர் பெயரில் வரவே வராது.

மகன் கணக்கில் இல்லை. 17 வயது ஆகியிருக்க வேண்டும். பெல்ஜியத்தில் 16 வயதிலேயே பியர் வாங்கலாம், குடிக்கலாம், அது வேறு. பிரிட்டன் எல்லையில் அந்த வாதம் செல்லாது. (அவனிடம் இதை நீங்கள் சொல்லாமல் இருப்பது நல்லது.)

ஈஸ்ட்ஹாம்காரன்:

தம்பி, லாக் புக் இல்லாதது பிரச்சினை இல்லை. லீஸ் கம்பெனியிடம் விஇ103 என்ற சான்றிதழ் கேளுங்கோ. வண்டியின் சொந்தக்காரர் வேறு, ஆனால் நீங்கள் வெளிநாடு கொண்டுபோக அனுமதி உண்டு என்று காட்டுகிற கடுதாசி அதுதான். கேட்டவுடன் கையில் தர மாட்டினம், இரண்டு மூன்று கிழமை முன்னமே எழுதிவிடுங்கோ. காப்புறுதி ஐரோப்பாவில் முழுதாக இருக்குதா, உடைந்து நின்றால் இழுத்துக்கொண்டுவர ஆள் வருமா என்றும் அதே கடிதத்தில் கேட்டு வைக்கலாம்.

நம்பர் பிளேட்டில் ‘யுகே’ குறி இல்லை என்றால் வண்டியின் பின்னால் ‘யுகே’ ஒட்டு வேணும். பழைய ‘ஜிபி’ ஒட்டு 2021 செப்டம்பரோடு செல்லாது. முன் விளக்கு எதிரில் வாறவரின் கண்ணில் அடிக்காமல் இருக்க ஒட்டு இருக்குது, புது வண்டி என்றால் அமைப்பிலேயே மாற்றலாம். முக்கோணப் பலகை, மஞ்சள் மேற்சட்டை இரண்டும் வையுங்கோ. சட்டையை டிக்கியில் பெட்டிக்கு அடியில் போடாமல் இருக்கைக்குப் பக்கத்தில் வைக்க வேணும்.

நீங்கள் போற பெல்ஜியப் பகுதியான ஃபிளாண்டர்ஸின் ஊர்ப்பாதையில் கவனம். குறி ஒன்றும் இல்லாத சந்தியில் வலது பக்கத்தால் வாறவருக்குத்தான் முதல் வழி. சின்னச் சந்துக்குள்ளால ட்ராக்டர் வந்து உங்களுக்கு முன்னால் திரும்பும், பிழை அவனில் இல்லை. ஊருக்கு வெளியில் வேறு பலகை இல்லை என்றால் 70 கிலோமீட்டர்தான்.

குடித்துவிட்டு ஓட்டுற அளவும் வேறு. ரத்தத்தில் ஆல்கஹால் இங்கிலாந்தில் 0.08 சதவீதம் வரை, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 0.05. நீங்கள் போறது 10.2 சதவீதப் பியருக்கு. ஒன்று குடித்தால் காணும், சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கோ.

லூவன்மாணவி:

விசா விஷயத்துக்கு வருகிறேன் அண்ணா. எந்த நாட்டில் அதிக நேரம் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், நுழைகிற நாட்டிடம் இல்லை. உங்களுக்கு அது பெல்ஜியம். தங்கும் விடுதிப் பதிவும் பெல்ஜியத்தில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிவுக்குப் பொதுவாக 15 நாள். ஆனால் நேர்காணல் தேதி கிடைப்பதற்கே கோடையில் தவம் கிடக்க வேண்டும், அதனால் முதல் வேலை இதுதான். தேதிகளை இரண்டு பக்கமும் சில நாள் தள்ளிக் கேளுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மடத்தில் பியர் வாங்குவது ஆன்லைனில் சட்டை வாங்குவது மாதிரி இல்லை. 2005இல் ஒரு பியர் மதிப்பீட்டுத் தளம் இவர்களுடைய ‘12’ என்ற பியரை உலகத்திலேயே சிறந்தது என்று சொல்லப்போக, மடத்து வாசலில் கார் வரிசை நின்றது. அதன் பிறகும் அவர்கள் அதிகமாகக் காய்ச்சவில்லை. பல வருடம் தொலைபேசியில் மட்டும் பதிவு செய்தார்கள். லைன் கிடைப்பது குதிரைக் கொம்பு. 2019இல்தான் இணையக் கடை வந்தது. பதிவு செய்து காத்திருக்க வேண்டும், விற்பனை திறக்கும்போது நாளும் நேரமும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு ஆர்டருக்குச் சில பெட்டிகள்தான். ஐந்து பெட்டியும் மடத்திலேயே எடுக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம். மறுவிற்பனை செய்ய மாட்டேன் என்ற நிபந்தனைக்கும் ஒப்புக்கொள்கிறீர்கள். கென்ட் அண்ணா சொன்னதையே துறவிகளும் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த எண்ணுள்ள கார்தான் வர வேண்டும். நல்லவேளையாக உங்களிடம் நிரந்தரமாக ஒரு கார் இருக்கிறது. வாடகைக் கார் எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள், எந்த எண் கிடைக்கும் என்று முன்கூட்டியே அவர்களுக்குத் தெரியாது.

ஆக வரிசை: விசா, பிறகு மடத்து நேரம், கடைசியில் ரயில். நேரம் கிடைக்கிற நாளுக்கு ஏற்ப விசாத் தேதிக்குள் நகர இடம் வேண்டும், அதற்குத்தான் தேதிகளைத் தள்ளிக் கேட்கச் சொன்னேன். ரயிலை முன்பே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள்.

பாட்டில் மூடியின் நிறம் பார்த்து எடுங்கள். பச்சை ப்ளாண்ட், 5.8 சதவீதம். நீலம் ‘8’ என்ற பியர். மஞ்சள் ‘12’ என்ற பியர், அதுதான் ஈஸ்ட்ஹாம் அண்ணை சொன்ன 10.2. எல்லோரும் மஞ்சளுக்கு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் பச்சை மூடியை அந்த ஊரிலேயே குடித்துவிட்டு வர வேண்டும், பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப் பூவின் வாசம் மாதக்கணக்கில் தாங்காது. மஞ்சள் வருடக்கணக்கில் கிடக்கும்.

மடத்துக்குள் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள். எதிரே ‘இன் தெ வ்ரேதெ’ என்று மடத்துக்குச் சொந்தமான காபிக்கடை இருக்கிறது, மூன்றும் அங்கே கிளாசில் கிடைக்கும். எடுத்துப்போகச் சின்னக் கட்டுகள் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. வாரத்தில் எந்த நாட்களில் கடை மூடியிருக்கும் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

மால்ட் மணம்:

ஒரு சந்தேகம், கோபப்படாதீர்கள். இவ்வளவு சிரமம் எதற்கு? சிந்த் பெர்னார்துஸ் என்ற ஆலையின் ஆப்ட் 12 பியர் லண்டன் கடைகளிலேயே கிடைக்கிறது. 1946 முதல் 1992 வரை மடத்துப் பெயரில் விற்பனைக்குக் காய்ச்சியவர்கள் அந்த ஆலைக்காரர்கள்தான். மடத்திலிருந்து வந்த அந்தக் கால ஈஸ்ட் இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது, மடமோ வெஸ்ட்மாலே என்ற இன்னொரு மடத்திலிருந்து ஈஸ்ட் எடுக்கிறது. எது ‘அசல்’ என்று நீங்களே சொல்லுங்கள்.

லூவன்மாணவி:

ஈஸ்ட் கதை சரி. ஆனால் நாக்கில் இரண்டும் ஒன்றல்ல. பெர்னார்துஸ் கொஞ்சம் இனிப்பு, பழ வாசம் தூக்கல். மடத்து 12 அதைவிட உலர்ந்து முடியும். இரண்டில் எது மேல் என்று சண்டை போட நான் வரவில்லை, எனக்கு இரண்டும் வேண்டும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஹாரோ அண்ணாவுக்கு மடத்தில் கிடைக்கப்போவது சில பெட்டிதான். மீதியை வாட்டூவில் பெர்னார்துஸ் வாசலிலேயே நிரப்பிக்கொள்ளலாம். பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஊர், மடத்திலிருந்து தூரமே இல்லை, கலே திரும்புகிற திசைதான். அதே வாட்டூவில் போப்பரிங்ஸ் ஹொம்மல்பியர் என்ற பியரும் காய்ச்சுகிறார்கள், 7.5 சதவீதம். சுற்றுவட்டாரம் முழுக்க ஹாப் தோட்டம் என்பதால் ஹாப்பை அள்ளிப் போட்ட பியர். ஏசன் ஊரில் தெ டொல்ல ப்ரவ்வர்ஸ் என்ற பியர் ஆலையும் உண்டு, ஆனால் ஒரு இரவுப் பயணத்தில் அதையும் திணித்தால் மனைவி பாதியில் இறங்கிவிடுவார்.

ஹாரோவாசி:

எல்லோருக்கும் நன்றி. விசாவுக்குப் பெல்ஜியத்திடம் போடுகிறேன், விஇ103க்கு இன்றே எழுதிவிட்டேன்.

நண்பர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருவன் விடுவதாக இல்லை. “சரி, பியருக்குக் காசு வேண்டாம், பெட்ரோலுக்குப் பங்கு தருகிறேன்” என்கிறான். இது எடுபடுமா? இன்னொரு கேள்வி. மனைவி குடிக்க மாட்டார். அவர் பெயரில் உள்ள 42 லிட்டரை நான் பயன்படுத்தலாமா?

கென்ட் கரையோரம்:

பெட்ரோல் காசும் காசுதான். பெட்டிக்கு ஈடாக வருகிறது, அவ்வளவே. சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்றாலும் அதே பதில். அவனுக்கு உண்மையிலேயே கொடுக்க வேண்டும் என்றால் உங்கள் காசில் வாங்கிப் பிறந்தநாளுக்குச் சும்மா கொடுங்கள். நாலு பேருக்கும் நாலு பெட்டி சும்மா கொடுப்பீர்களா என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. ஆளுக்கு ஆறு பாட்டில் கொடுத்தாலே போதும் என்பது என் எண்ணம். ஒரே பெட்டியில் முடிந்துவிடும்.

மனைவியின் அளவு அவருடையது. அவர் குடிக்கத்தான் வேண்டும் என்றில்லை, அவர் பரிசாகக் கொடுக்கவும் கொண்டுவரலாம். ஆனால் பத்துப் பெட்டியும் எனக்குத்தான் என்று நீங்களும், எனக்குப் பியரே பிடிக்காது என்று அவரும் அதிகாரியிடம் அடுத்தடுத்துச் சொன்னால் கேள்வி நீளும். அதிகம் கொண்டுவருபவரிடம் யார் குடிக்க, எதற்காக என்று கேட்பது வழக்கம்தான். ஐந்து பெட்டிக்குள் நின்றால் அந்தப் பேச்சே எழாது. இன்னொன்று, நிரம்பிய பெட்டி ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது. பெட்டிக்கும் பாட்டிலுக்கும் முன்பணம் பிடிப்பார்கள், அதைத் திரும்ப வாங்க இன்னொரு முறை அங்கேதான் போக வேண்டும்.

ஈஸ்ட்ஹாம்காரன்:

எல்லைக்கு நேரத்தோடு போங்கோ. 2025 ஒக்டோபரிலிருந்து ஐரோப்பாவின் புது நுழைவுப் பதிவு வந்திட்டுது. ஃபோக்ஸ்டனிலேயே பிரெஞ்சுக்காரர் பார்ப்பினம். விசா உள்ள உங்கள் இருவருக்கும் கைரேகை ஏற்கெனவே விசாவில் இருப்பதால் படம் மட்டும், மகனுக்குக் கைரேகையும் படமும். ரயில் 35 நிமிஷம்தான், வரிசை அதைவிட நீளம்.

மனைவிக்கு அலுப்படிக்கும் என்று நினைத்தால் ஈப்பர் என்ற ஊருக்குப் போங்கோ, பக்கத்தில்தான். அங்கே மெனின் வாசல் என்ற போர் நினைவு வாயிலில் ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு, இறந்தவர்களுக்கு அஞ்சலியாக லாஸ்ட் போஸ்ட் என்ற இசையை ஊதுவினம். முதலாம் உலகப் போரில் செத்து, கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர் சுவர் முழுக்க வெட்டியிருக்குது, இந்தியச் சிப்பாய்களின் பெயரும் உண்டு. போபரிங்கவில் ஹாப் அருங்காட்சியகமும் இருக்குது.

ஹாரோவாசி:

ஈப்பரில் அறை பார்க்கிறேன், மனைவிக்கும் அது பிடித்திருக்கிறது. மடத்தில் எவ்வளவு தருகிறார்களோ அவ்வளவு, மீதி வாட்டூவில், மொத்தம் ஐந்து பெட்டி. பெட்ரோல் பங்காளியிடம் ஆறு பாட்டில் சும்மா தருகிறேன் என்றேன், “ஆறுதானா?” என்றான்.

கடைசியாக ஒன்று. மனைவி வழிக்குத் தயிர்சாதம் கட்டுவதாகச் சொல்கிறார். திரும்பும்போது மடத்துப் பாலாடைக்கட்டி வாங்கிவரவும் ஆசைப்படுகிறார். பிரச்சினை இல்லையே?

லூவன்மாணவி:

இரண்டுமே பிரச்சினைதான் அண்ணா. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் தனிப்பட்ட உணவாகக்கூடக் கொண்டுவரக் கூடாது. 2021 தொடக்கத்தில் ஹாலந்து அதிகாரிகள் லாரி ஓட்டுநர்களின் ஹாம் சாண்ட்விச்சைப் பிடுங்கியது பெரிய செய்தியானது. தயிர்சாதத்துக்குத் தனிச் சலுகை இல்லை. புளியோதரை கட்டச் சொல்லுங்கள், நெய் இல்லாமல்.

திரும்பும் வழியில் பிரிட்டன் பக்கத் தடை. கோமாரி நோய்ப் பயத்தால் 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பாவிலிருந்து பயணிகள் பாலாடைக்கட்டி, வெண்ணெய், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி எதுவும் கொண்டுவரக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். கிளம்பும் வாரத்தில் அரசுப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தடை நீடித்தால் ‘இன் தெ வ்ரேதெ’யில் உட்கார்ந்தே சாப்பிட்டு முடியுங்கள். அங்கே ஒரு தட்டில் துண்டு போட்டு, கடுகுச் சாந்தோடு தருவார்கள்.