டி-ஸ்கோர் சொல்லாத செய்தி: முதியோர் எலும்பு நோய் குறித்த அனுபவங்கள்

எழுபதைக் கடந்த என் மாமியாருக்கு இடுப்பிலும் தொடையிலும் வலி தொடங்கியபோது, மூட்டுத் தேய்மானம் என்றே முதலில் சொன்னார்கள். வலியைவிட அவரை வாட்டியது வேறொன்று. பூஜையறையில் தரையிலிருந்து எழ, இரு கைகளையும் தொடையில் ஊன்றித் தம்மை மேலே தள்ள வேண்டியிருந்தது; நடக்கும்போது உடல் வாத்தைப்போல் இருபுறமும் சாய்ந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) -3.1 என்று வந்ததும், எலும்புப்புரை (அடர்த்தி குறைந்து எலும்பு எளிதில் முறியும் நோய்) என முடிவுகட்டி, எலும்பு கரைவதைத் தடுக்க ஆண்டுக்கொருமுறை போடும் சோலெட்ரானிக் அமில ஊசிக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

அதற்கு முன் இன்னொரு கருத்துக்காகச் சந்தித்த ஹார்மோன் மருத்துவர் ஸ்கேன் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார், மாமியார் துடித்துப்போனார். முறிவு ஏற்படாதவரை எலும்புப்புரை பொதுவாக வலிப்பதில்லை என்றும், -2.5 அல்லது அதற்குக் கீழான டி-ஸ்கோர் அடர்த்தி குறைந்திருப்பதைக் காட்டுமே தவிர அது ஏன் குறைந்தது என்பதைக் காட்டாது என்றும் விளக்கினார். ஈரலிலும் எலும்பிலும் உருவாகும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி ரத்தத்தில் மிக அதிகமாக இருந்தது. அது ஈரலிலிருந்து வந்ததல்ல என்பதை எலும்புக்குரிய வகையைத் தனியே அளந்து உறுதிசெய்தார்கள். பாஸ்பரஸும் வைட்டமின் டியும் குறைந்திருந்தன, கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளிலிருந்து வந்து ரத்தக் கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறியிருந்தது. எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில், உள்பக்கமாக, பொய்முறிவுக் கோடு (தாது படியாத இடம் முறிவுபோலத் தெரிவது) ஒன்று தெரிந்தது. நோய் ஆஸ்டியோமலேசியா, அதாவது தாது படியாமல் எலும்பு மென்மையாகிப்போவது. வலிப்புக்காகப் பல்லாண்டுகளாக அவர் விழுங்கிவந்த ஃபெனிடாயின், வைட்டமின் டியை உடலில் விரைவாகச் சிதைத்துவிடுமாம். மாத்திரைப் பட்டியலை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த நிலையில் ஊசியைப் போட்டிருந்தால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கக்கூடும். நரம்பியல் மருத்துவர் வலிப்பு மாத்திரையை மாற்றினார். வைட்டமின் டியும் கால்சியமும் தொடங்கிய சில மாதங்களில் நடை சீரானது.

*

மேலே எழுதிய சகோதரிக்கு: என் தந்தையின் கதை இதற்கு நேர்மாறானது. அவருக்குக் கால்சியம் 11.2 என்று சற்றே உயர்ந்திருந்தது. சிறுநீரகக் கல்லும் மலச்சிக்கலும் வெகுநாளாக உண்டு. பாராதைராய்டு ஹார்மோன் இயல்பு எல்லைக்குள்ளேயே இருந்ததால் ஆய்வக அறிக்கையில் அதற்குச் சிவப்புக் குறிகூட இல்லை. கால்சியம் ஏறும்போது அந்த ஹார்மோன் அடங்கியிருக்க வேண்டும், அடங்காததே சுரப்பியில் கோளாறு என்பதற்குச் சான்று என்று பின்னர் பார்த்த மருத்துவர் கூறினார். பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கும் இந்நோயில் முதுகெலும்பைவிட முன்கை எலும்பே அதிகம் பாதிக்கப்படுவது வழக்கம் என்பதால், டெக்ஸாவில் முன்கையையும் சேர்த்து எடுக்கச் சொன்னார். முதல் ஸ்கேனில் அதை எடுத்திருக்கவில்லை. பெருத்திருந்த ஒரு சுரப்பியை அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள், கால்சியம் இயல்புக்குத் திரும்பியது.