நான் சொன்னது அவர் பெயரில் பதிவான நாள்

தரக்கட்டுப்பாட்டுத் தலைவர், உற்பத்தித் துறை

வெகுநாளாக நெஞ்சில் கிடக்கும் ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன். மாதாந்திர ரிவ்யூ மீட்டிங். 11 பேரில் பெண்கள் இருவர்தான்: நானும், நிதிப் பிரிவைப் பார்க்கும் ஒரு தோழியும். ரிஜெக்ட் ஆகும் பாகங்கள் ஏன் கூடிக்கொண்டே போகின்றன என்பது அன்றைய கேள்வி. எல்லோரும் இயந்திரத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு வாரமாகப் பதிவேட்டை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தேன். ஷிஃப்ட் மாறிய முதல் அரை மணி நேரத்தில்தான் பழுது குவிகிறது, போகிறவர் வருகிறவரிடம் எதையும் சொல்லிவிட்டுப் போவதில்லை என்று சொன்னேன். ஒருவர் தலையாட்டினார். பேச்சு மறுபடி இயந்திரத்துக்கே போய்விட்டது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு பிரிவு நண்பர், "ஷிஃப்ட் மாறுகிற நேரத்தைக் கவனிக்கணும் சார்" என்றார். "நல்ல பாயிண்ட்" என்றார் தலைமையில் இருந்தவர். மாலையில் வந்த மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், அந்தக் கருத்துக்கு அந்த நண்பரின் பெயர்.

அவர் திருடிவிட்டார் என்று சொல்லமாட்டேன். நல்ல மனிதர். என்னிடமிருந்து கேட்டதுதான் என்பதே அவருக்கு நினைவில்லை, அதுதான் என்னை இன்னும் வாட்டியது. நான் பேசாமல் இருந்திருந்தால் என்னையே நொந்துகொண்டிருப்பேன். பேசினேனே!

மறுநாள் நிதிப் பிரிவுத் தோழியிடம் சொன்னபோது அவரிடமும் இதே மாதிரி நாலைந்து கதை இருந்தது. இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒருவர் சொன்னது காற்றோடு போனால், மற்றவர் பெயரைச் சொல்லி அதை மேசைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சும்மா திருப்பிச் சொல்வது போதாது, கூடவே ஒரு துண்டாவது சேர்க்க வேண்டும். அடுத்த மாதம் அவர் செய்தார்: "மேடம் ஷிஃப்ட் மாற்றம் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். அந்த அரை மணி நேர இழப்பை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்." அறை திரும்பியது. மூன்றாவது மாதத்தில் தலைமையில் இருந்தவரே "அதை அவரிடம் கேட்போம்" என்று என் பக்கம் கை காட்டினார்.

இதைச் செய்தது நாங்கள் முதலில் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒபாமா பதவியேற்றபோது அவருடைய உயர் ஆலோசகர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். அங்கிருந்த பெண்கள் இதே உத்தியைத்தான் கையாண்டார்கள் என்று 2016-இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. ஒபாமாவும் அதைக் கவனித்து, பெண்களையும் இளநிலை ஊழியர்களையும் கூடுதலாகப் பேச அழைக்கத் தொடங்கினாராம். வெள்ளை மாளிகையிலேயே இந்த நிலை என்றால் குறை என் குரலில் மட்டும் இல்லை என்ற தைரியம் வந்தது.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். யார் கை கொடுத்தார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

ஆய்வகக் குழுத் தலைவர்

உங்கள் கதையில் பேசி முடிக்கவாவது விட்டார்கள். எனக்கு அதுவும் கிடையாது. மூன்றாவது வாக்கியத்துக்குள் யாராவது உள்ளே நுழைந்துவிடுவார்கள்.

ஒரு நாள் என் பேச்சையே ரெக்கார்டிங்கில் கேட்டேன். "ஒரு சின்ன சந்தேகம்", "தப்பாக இருந்தால் மன்னிக்கணும்", "நான் ஒண்ணு கேட்கலாமா": விஷயம் வருவதற்கு முன்னால் இத்தனை படிக்கட்டு. அந்த இடைவெளியில்தான் மற்றவர் புகுந்துவிடுகிறார்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி விசாரணைகளை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் அலசி 2017-இல் வெளியிட்டார்கள். பெண் நீதிபதிகள் ஆண் நீதிபதிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு குறுக்கிடப்படுகிறார்கள். 2015-ஆம் ஆண்டுப் பதிவுகளில், மூன்றே பெண்கள் இருந்த அமர்வில், மொத்தக் குறுக்கீடுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள் மீது. நாட்டின் உச்சநீதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களையே! அந்தப் பெண் நீதிபதிகள் ஆண்டுகள் போகப்போக "மன்னிக்கவும்", "கேட்கலாமா" போன்ற முன்னுரைகளைக் குறைத்துக்கொண்டு நேராகக் கேள்விக்கு வந்தார்கள் என்றும் அந்த ஆய்வு காட்டியது. நானும் அதைத்தான் செய்தேன். முடிவை முதல் வாக்கியத்தில் வைத்தேன், காரணம் பின்னால். குறுக்கிட்டாலும் முக்கியமானது ஏற்கனவே வெளியே வந்திருக்கும்.

ஆனால் பாரம் முழுவதும் நம் தலையில் விழக் கூடாது. அந்த நீதிமன்றம் பிறகு முறையையே மாற்றியது: பொதுவான கேள்விகளுக்குப் பின் ஒவ்வொரு நீதிபதிக்கும் பணிமூப்புப்படி தனி முறை. குறுக்கீடு பற்றிய ஆய்வுகள் அந்த மாற்றத்துக்கு ஒரு பகுதிக் காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் 2021-இல் வெளிப்படையாகவே சொன்னார். எங்கள் ஆய்வகத்தில் நான் கொண்டுவந்ததும் அதுதான். வாராந்திரக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம், வரிசைப்படி. அதற்குள் யாரும் வாய் திறப்பதில்லை. அதிகம் பலன் பெற்றது பெண்கள் மட்டுமல்ல, கூச்ச சுபாவமுள்ள இரண்டு பையன்களும்தான்.

நிதி மேலாளர்

மேலே இருப்பவர்கள் சொல்வதோடு ஒரு எச்சரிக்கையையும் வைக்கிறேன். "தைரியமாகப் பேசு" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி நான் ஓர் ஆண்டு நிறையப் பேசினேன். அப்ரைசலில் வந்தது: "கொஞ்சம் ஆக்ரோஷம். டீமோடு ஒத்துப்போகப் பழக வேண்டும்." எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் என்னைவிடச் சத்தமாகப் பேசுவார், அவருக்கு "தலைமைப் பண்பு".

யேல் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா பிரெஸ்கால் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. அமெரிக்க செனட்டில் அதிகாரம் கூடக் கூட ஆண்கள் அவையில் பேசும் நேரம் கூடியது, பெண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. அதிகம் பேசும் பெண் தலைமை அதிகாரியை மதிப்பிடச் சொன்னபோது ஆண்களும் பெண்களும் ஒருபோல மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்ட பெண்ணைக் கோழை என்று சொல்லிவிடாதீர்கள். அவள் எதையோ பார்த்துவிட்டுத்தான் மூடியிருக்கிறாள்.

நான் செய்தது இவ்வளவுதான்: "எந்த மீட்டிங், எந்த வாக்கியம் என்று சொல்ல முடியுமா சார்? திருத்திக்கொள்கிறேன்" என்று மேனேஜரிடம் கேட்டேன். அவரால் அன்று சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் கழித்து ஒன்றைச் சொன்னார், வாடிக்கையாளர் முன்னால் ஒரு ஜூனியரை நான் மறித்தது. அது என் தவறு, ஒப்புக்கொண்டேன், அந்தப் பையனிடமும் வருத்தம் தெரிவித்தேன். "ஆக்ரோஷம்" என்ற சொல் அறிக்கையிலிருந்து போனது, அந்த ஒரு நிகழ்ச்சி மட்டும் பதிவானது. என்ன நடந்தது என்று எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளலாம். ஒட்டிய முத்திரையை என்ன செய்வது?

மென்பொருள் குழுவை நடத்துபவர் (ஆண்)

நான் எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். முதல் பதிவைப் படித்ததும் எங்கள் மினிட்ஸ் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒன்பது மாதம், குறிப்பெடுத்தவர் இடத்தில் ஒரே பெயர். குழுவில் இருந்த ஒரே சீனியர் பெண் எஞ்சினியர். யாரும் அவரை நியமிக்கவில்லை. முதல் நாள் "யாராவது எழுதிக்கொள்ளுங்கள்" என்று நான் சொன்னேன், அமைதி நீண்டது, அவர் எழுதினார். அது அப்படியே நிலைத்துவிட்டது.

இப்படிப் பதவி உயர்வுக்கு உதவாத வேலைகள் யாரிடம் போகின்றன என்று லிண்டா பாப்காக் உள்ளிட்ட நால்வர் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்கள் 48 சதவீதம் கூடுதலாக முன்வருகிறார்கள். ஆண்கள் மட்டும் இருக்கும் குழுவில் யாரோ ஓர் ஆண் அந்த வேலையைச் செய்துவிடுகிறார்! பெண்களுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்பதல்ல, பெண் ஏற்றுக்கொள்வாள் என்று எல்லோரும் காத்திருக்கிறோம் என்பதுதான் விஷயம். நான் காத்திருந்தேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மினிட்ஸ் அகர வரிசைப்படி சுற்றுகிறது, என் பெயரும் உண்டு. எழுதிக்கொண்டே வாதாட முடியாது என்பது என் முறை வந்தபோதுதான் உறைத்தது. அவர் கையிலிருந்து பேனா போன இரண்டாவது வாரமே, நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த டேட்டாபேஸ் வடிவமைப்பில் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார். ஒன்பது மாதமாக அந்த மூளை மற்றவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. கல்விக் கருத்தரங்குகள் பற்றி 2018-இல் வந்த ஓர் ஆய்வில், முதல் கேள்வியை ஆண் கேட்டால் அதற்குப் பின் பெண்கள் கேட்கும் கேள்விகள் குறைகின்றன என்று கண்டார்கள். கூட்டம் நடத்துகிறவர்கள் முதல் கேள்வியை ஒரு பெண்ணுக்குக் கொடுத்துப் பாருங்கள். செலவில்லாத வேலை.

ஓய்வு பெறப்போகும் பொறியாளர்

தம்பி, மன்னிப்போடு நிற்காமல் வரிசையையும் மாற்றினீர்களே, நல்லது.

பிள்ளைகளே, குரலைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். நான் பெயரைப் பற்றிப் பேசுகிறேன். நாசாவில் கணிதவியலாளராக இருந்த கேத்தரின் ஜான்சன், ஆண்கள் மட்டும் உட்காரும் ஆலோசனைக் கூட்டங்களுக்குத் தானும் வர வேண்டும் என்றார். பெண்கள் வருவதில்லையே என்றார்கள். அதற்குச் சட்டத் தடை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். 1960-இல் வந்த ஓர் ஆய்வறிக்கையில் அவர் பெயர் இணை ஆசிரியராக அச்சானது. அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் அப்படி வந்தது அதுவே முதல் முறை. மீட்டிங்கில் பேசியது மறந்துபோகும். அட்டையில் இருக்கும் பெயர் நிற்கும். நீங்கள் தயாரித்த ஸ்லைடில், வரைபடத்தில், அறிக்கையில் உங்கள் பெயரைப் போடுங்கள். முக்கியமான கருத்தைக் கூட்டத்துக்கு முன்தினமே ஒரு பக்கமாக எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு யார் சொன்னாலும் தேதி உங்கள் பக்கம் இருக்கும்.

உயரத்துக்கு வந்த பெண்களுக்கு ஒன்று. தனியறையில் அறிவுரை சொல்வது வேறு, நாலு பேர் முன்னால் அவளுக்காக நிற்பது வேறு. என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண் ஒரு பாலத்தின் பாரக் கணக்கு முழுவதையும் தனியாகச் செய்தாள். இயக்குநர்கள் முன் அவளையே விளக்கச் சொன்னேன். அவள் பேசப் பேச, கேள்வி மட்டும் என்னிடமே வந்தது. பதில் எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் இருந்தது. "கணக்கு அவருடையது, அவரிடமே கேளுங்கள்" என்றேன். நாலு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாவது கேள்வி நேராக அவளிடம் போனது. என் முப்பது வருட வேலையில் நான் வாய் மூடியிருந்ததில் பெருமைப்படும் நிமிடம் அது.

புதிதாகக் குழுத் தலைவரானவர்

எல்லோருக்கும் நன்றி அக்கா, அண்ணா. எனக்கு ஒரே ஒரு கேள்வி. பேச ஆரம்பித்ததும் குரல் நடுங்குகிறது. எங்களுடையது பெரும்பாலும் ஆன்லைன் மீட்டிங். மைக்கை ஆன் செய்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. என்ன செய்வது?

தரக்கட்டுப்பாட்டுத் தலைவர், உற்பத்தித் துறை

தங்கச்சி, எனக்கு இப்போதும் நடுங்கும். முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள், அதைப் பார்த்தே படி. இரண்டாவது வாக்கியம் தானாக வரும். கூட்டம் நடத்துகிறவருக்கு முன்கூட்டியே ஒரு வரி அனுப்பி, நிகழ்ச்சி நிரலில் உனக்கென்று ஓர் இடம் கேள். அப்புறம் இடையில் புகத் தேவையில்லை, உன் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். சாட்டில் உன் கருத்தைப் போடவும் செய், எழுத்தில் இருக்கட்டும். குழுவில் நம்பகமான ஓர் ஆளிடம் விஷயத்தை முன்பே சொல்லிவை. ஆணாக இருந்தாலும் பரவாயில்லை.

புதிதாகக் குழுத் தலைவரானவர்

கேட்டுவிட்டேன் அக்கா. நாளை காலைக் கூட்டத்தில் இரண்டாவது இடம், ஐந்து நிமிடம். டெஸ்டிங்கில் இருக்கும் என் தோழியிடமும் சொல்லிவிட்டேன். முதல் வாக்கியம் இதுதான்: "இந்த வெளியீட்டை நாம் பத்து நாள் தள்ளிப்போட வேண்டும், அதற்கான மூன்று காரணங்களை என் குழு கண்டுபிடித்திருக்கிறது." சரியாக இருக்கிறதா? "வேண்டும்" என்பதா, "தள்ளிப்போட்டால் நல்லது" என்பதா என்று இரண்டு முறை மாற்றினேன். "வேண்டும்" என்றே விட்டுவிட்டேன்.