கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள், உடனே சரி சொல்லலாமா?

ராயபுரம் பொண்ணு:
அம்மாவுக்கு 46 வயது, காசிமேட்டில் மீன் விற்கிறார். ஒரு வருடமாக மாதவிலக்கு வந்தால் பத்து நாள் ஆனாலும் நிற்பதில்லை, கட்டி கட்டியாகப் போகிறது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் பழைய துணியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருகிறார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் 5 செ.மீ. நார்க்கட்டி (ஃபைப்ராய்டு), ஹீமோகுளோபின் 7.4, அதாவது ரத்தம் ரொம்பக் குறைவு. ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேனைப் பார்த்த ஐந்தாவது நிமிஷம், "புள்ள பெத்தாச்சு, இனி எதுக்கு அது? காப்பீட்டு அட்டை இருக்குல்ல, வியாழக்கிழமை வந்து சேர்ந்துடுங்க" என்றார்கள். அம்மா தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

தண்டையார்பேட்டை செல்வி:
எடுத்துவிடு தங்கச்சி. நான் மூன்று வருடம் மாத்திரை, கஷாயம் என்று இழுத்து, இரண்டு தடவை ரத்தம் ஏற்றிக்கொண்டு, கடைசியில் 44 வயதில்தான் எடுத்தேன். ஆறு வாரம் தண்ணிக் குடத்தைத் தொடவில்லை, அவ்வளவுதான். இப்போது வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறேன், பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த மூன்று வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

வியாசர்பாடி நர்ஸம்மா:
செல்வி பட்ட கஷ்டம் உண்மை. ஆனால் அதே மருந்து எல்லோருக்கும் என்று எப்படிச் சொல்வது? 45 வயதைத் தாண்டியவருக்கு இப்படிப் போனால், கர்ப்பப்பையின் உள்தோலில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிப் புற்றுநோய் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பற்றிப் பேச்சே இல்லையே! மிரெனா என்று ஹார்மோன் 'காயில்' (கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்னக் கருவி) இருக்கிறது, உள்ளே வைத்தால் ஐந்து வருடம் வரை ரத்தப்போக்கைக் குறைக்கும். டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை மாதவிலக்கு நாட்களில் மட்டும் போடுவது, கட்டியைக் கரைக்காது, போக்கைக் குறைக்கும். கட்டியை மட்டும் எடுக்கலாம். தொடை வழியாக ஊசிக்குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சையும் இருக்கிறது, அதற்குப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இதில் ஒன்றையாவது சொன்னார்களா?

தண்டையார்பேட்டை செல்வி:
எனக்கும் காயில் போட்டார்கள் நர்ஸம்மா, நாலாம் மாதம் தானாக வெளியே வந்துவிட்டது. மாதவிலக்கு நின்றால் கட்டி சுருங்கும், பொறு என்றார்கள். இன்னும் நாலைந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கூடை தூக்கச் சொல்கிறீர்களா?

வியாசர்பாடி நர்ஸம்மா:
கட்டி உள்ளறையை அழுத்திக்கொண்டிருந்தால் காயில் நிற்காது, அதனால்தான் விழுந்திருக்கும். கட்டி உள்பக்கமா, சதைக்குள்ளா, வெளிப்பக்கமா என்று ஸ்கேனில் கேட்டால் பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும். பொறுத்துக்கொள் என்று நான் சொல்லவே இல்லை. 7.4-ஐ வைத்துக்கொண்டு வியாழக்கிழமையே கத்தி வைக்க என்ன அவசரம்? டிரிப்பில் இரும்புச்சத்து ஏற்றி ரத்தத்தைத் தூக்குங்கள், ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது வேண்டும்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
நான் ஒன்று சொல்கிறேன். என் மனைவிக்கு 38 வயதில் பையோடு சேர்த்து இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். மறு மாதமே உடம்பு தீயாய் எரிகிறது என்று ராத்திரி மொட்டை மாடியில் போய் உட்காருவாள். எலும்புக்கும் இதயத்துக்கும் அதனால் ஆபத்து கூடும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் பை எடுத்த வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலமும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. காப்பீட்டு அட்டையைப் பார்த்து வைத்தியம் முடிவாகக் கூடாது.

தண்டையார்பேட்டை செல்வி:
அண்ணா, உங்கள் வீட்டில் நடந்தது அநியாயம், படிக்கவே வயிறு எரிகிறது. ஆனால் இதையெல்லாம் கேட்டுப் பயந்து, நிஜமாகவே எடுக்க வேண்டியவளும் வீட்டிலேயே கிடக்கிறாள். எங்கள் தெருவில் ஒருத்தி ஹீமோகுளோபின் 5-க்கு இறங்கி மயங்கி விழுந்த பிறகுதான் ஆட்டோவில் தூக்கிப் போனோம்.

ராயபுரம் பொண்ணு:
வியாழக்கிழமை வரவில்லை என்று போன் செய்துவிட்டேன். நாளைக் காலை அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ஓ.பி.க்கு ஸ்கேனோடு அம்மாவைக் கூட்டிப் போகிறேன். கட்டி எந்தப் பக்கம், உள்தோல் பரிசோதனை எப்போது, எடுத்தே ஆக வேண்டுமென்றால் சினைப்பை இருக்குமா என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எத்தனை நாள்ல திரும்ப கூடை தூக்கலாம்னு அதுல இல்லையே, அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

தண்டையார்பேட்டை செல்வி:
போய்விட்டு வந்து எழுது தங்கச்சி. எடுப்பதாக முடிவானால் சொல், ஆறு வாரம் நான் வந்து சமைத்துத் தருகிறேன்.